அக்கம்பக்கக் கணக்கு

என் தங்கையின் கணவருக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ‘சராசரி’ என்று பட்டப்பெயர். அதை வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் இல்லை. வைத்தவன் யார் என்று தெரிந்திருந்தால் கூப்பிட்டு ஒரு காபி வாங்கிக் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான்.

நானும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறேன். தரைத்தளம். நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவன். என் அறையில் சாயக்கறை படியாத நாற்காலி கிடையாது. மாப்பிள்ளை இருப்பது நான்காம் மாடி. குளிரூட்டிய அறை, ஆளுக்கு இரண்டு திரை, திரை நிறைய வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல் என்பார்கள். செல்லை நேரில் பார்த்தவர் அந்த மாடியில் ஒருவர்கூட இல்லை. ஆனால் செல்லைப் பற்றி அவர்களிடம் பேசிப் பாருங்கள், கூடப் பிறந்தவர்கள் மாதிரி பேசுவார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் ஒரு சொந்த முடிவு வேண்டும். அவரிடம் அது இல்லை. உணவகத்துக்குப் போனால் மெனு அட்டையைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார். மூன்று பேர் காபி, ஒருவர் டீ என்றால் அவருக்கும் காபி. ஒருமுறை எங்களுக்கு முன்னால் போய்த் தனியாக மாட்டிக்கொண்டார். பரிமாறுபவர் வந்து நின்றதும், பக்கத்து மேசைக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போயிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்வரை தண்ணீர்தான்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெருவின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். மஞ்சள் வீடுகள் அதிகம் என்று கண்டு மஞ்சள் அடித்தார். அந்த வருடமே எதிர்வரிசையில் பலர் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டார்கள். மனிதர் ஒரு வருடம் தன் வீட்டுக்குள் திருடன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்வந்தார். யாராவது நகைச்சுவை சொன்னால் முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் பார்ப்பார், அப்புறம் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும். சொந்தத் தகப்பனார் இறந்த அன்றுகூட, அண்ணன்மார் அழ ஆரம்பிக்கும்வரை காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இவரை ஏன் கட்டிக்கொள்கிறாய் என்று தங்கையிடம் அப்போதே கேட்டேன். “அவர் யாருக்கும் தொந்தரவு தராதவர் அண்ணா” என்றாள். தங்கை பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித் தருகிறவள். மலையும் ஆறும் எரிமலையுமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் சமவெளி வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அவருடைய வேலை. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம். நம் உடம்பின் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே ஜீன்கள்தான். எது வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் ரத்தச் செல்லும் தோல் செல்லும் வேறுபடுகின்றன. வேலை செய்யும் ஜீன் தன்னைச் சிறு சிறு நகல்களாக எடுத்து வெளியே அனுப்பும். அந்த நகல்களை எண்ணினால் ஜீன் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். முன்பெல்லாம் லட்சக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்து மொத்தமாக எண்ணுவார்கள். இப்போது ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு நீர்த்துளிக்குள் தனியே அடைத்து, அதற்கென்று ஓர் அடையாளம் ஒட்டி, தனித்தனியாக எண்ணுகிறார்கள். நல்ல காரியம்தான், அதை நான் பழிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரு செல்லுக்குள் இருக்கும் சரக்கே துளியிலும் துளி. அதிலும் ஒரு பங்கைத்தான் இயந்திரம் பிடிக்கும். மீதி கைநழுவிப் போய்விடும். ஆகவே வந்து விழும் கணக்கில் பெரும்பாலும் பூஜ்யம். ஜீன் உண்மையாகவே தூங்கியதால் வந்த பூஜ்யம் எது, இயந்திரம் கோட்டைவிட்டதால் வந்த பூஜ்யம் எது என்று வெறுமனே பார்த்தால் தெரியாது. அது போதாதென்று, உடைந்துபோன செல்களிலிருந்து கொட்டிய நகல்கள் அந்த நீரில் மிதந்துகொண்டிருக்கும். அவை சம்பந்தமில்லாத துளிக்குள் புகுந்து, இல்லாததை இருப்பதாகக் காட்டும். அதை அவர்கள் தூசி என்பார்கள்.

இந்தக் கணக்கைத் துல்லியமாக்குவதுதான் மாப்பிள்ளையின் வேலை. அவர் சொன்ன வழி இதுதான்: ஒரு செல்லில் பூஜ்யம் வந்தால், அதைப் போலவே இருக்கும் பக்கத்துச் செல்களைப் பார். அங்கெல்லாம் எண் இருந்தால் இங்கேயும் இருந்திருக்கும், நிரப்பு. பக்கத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று இங்கே மட்டும் வந்திருந்தால் அது தூசி, துடைத்துவிடு. இதை அவர் கண்டுபிடித்தார் என்று கேடயம் கொடுத்தார்கள். என்னத்தைக் கண்டுபிடித்தார்? பிறந்ததிலிருந்து தான் வாழ்ந்த வாழ்க்கையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

துல்லியத்தைச் சோதித்த விதத்தையும் சொல்கிறேன். தெரிந்த எண்களில் சிலவற்றை மறைத்துவிட்டு, அவை என்ன என்று ஊகிக்கும்படி இந்த முறையிடம் கேட்டார்கள். அது அநேகமாக எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டது. முடிவை அறிவித்த கூட்டத்தில் கைதட்டல். நான் பின்வரிசையில் இருந்து, கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கும் செல்களை எப்படி ஊகித்தது என்று கேட்டேன். மாப்பிள்ளை இடமும் வலமும் பார்த்தார்.

“அதெல்லாம் ரொம்பக் கம்மி மச்சான். மொத்த மார்க்குல தெரியவே தெரியாது” என்றார்.

நோயும் முதலில் அப்படிக் கம்மியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். கீழ்மாடிக்காரர்களுக்குப் புதிதாக எது வந்தாலும் பிடிக்காது என்றார் நிலையத்தின் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், வழக்கம்போல் கடைசியாக.

கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், இதையெல்லாம் மற்றவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் அலமாரியில் வைத்தார்.

இதற்குள் தங்கைக்கு நோய் வந்து தொலைத்தது. ரத்தத்தில் வரும் புற்றுநோய். பயப்படும்படியான ரகம் இல்லை, தினமும் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும். ஆனால் அந்த மாத்திரை அவளைப் பிழிந்தெடுத்தது. கண்ணிமைகள் வீங்கின. கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். கையில் குச்சியோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நடந்து பாடம் நடத்தியவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தைப் பிள்ளைகளைக் காட்டச் சொன்னாள். நோயைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. உட்கார்ந்து பாடம் நடத்துவதைப் பற்றித்தான் புலம்பினாள்.

என் மைக்ரோஸ்கோப்பில் அவளுடைய மஜ்ஜை வெகுநாளாகச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு நோய்ச் செல்கள் எங்காவது சுருண்டு படுத்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் நிலையத்தில் ஒரு புதுப் பரிசோதனை ஆரம்பித்தார்கள். மஜ்ஜையின் செல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது, எதிலும் நோயின் ஜீன் தலைகாட்டவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவது. எண்ணிய கணக்கைச் சரிசெய்வதற்கு மாப்பிள்ளையின் அந்த முறை. தங்கை உடனே பெயர் கொடுத்தாள். பரிசோதனைக்கு அவள் முறை வருவதை, பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முன்பே சிலருக்கு மாத்திரை நின்றுவிட்டது. அவர்களில் ஒரு பஸ் டிரைவர். மாத்திரையால் கால் இழுத்துக்கொண்டு, வண்டியை விட்டு இறக்கி, பணிமனையில் சாவி கொடுக்கும் வேலையில் போட்டிருந்தார்கள். நிறுத்திய சில வாரத்தில் கால் சரியாகி மறுபடி வண்டியில் ஏறிவிட்டார். ஒருநாள் லிப்ட் பக்கத்தில் மாப்பிள்ளையை மடக்கி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

“நீங்கதான் பாத்துச் சொன்னீங்களாமே சார். திரும்ப வண்டி எடுக்கறேன். உங்கள மறக்க மாட்டேன்.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், லிப்டுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்தார். நன்றி சொன்னால் ஊரில் எல்லோரும் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னார்.

“பரவாயில்ல.”

பிறகு தங்கையின் முறை வந்தது. சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. அவளுடைய டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார். தங்கை என்னிடம் பேசியபோது குரலே மாறியிருந்தது. வகுப்பில் இனி நாற்காலியே வேண்டாம், தூக்கி ஓரமாகப் போடச் சொல்லப் போகிறேன் என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை, வீட்டுக்கு உடனே வா என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். போனபோது இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளை எடுத்தாகிவிட்டது. நடுவில் மாத்திரை அட்டை மட்டும் கிடந்தது.

மாப்பிள்ளை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறாராம். காரணம் கேட்டால், ஒரு பாதுகாப்புக்குத்தான் என்கிறாராம். இவருடைய முறையை வைத்துப் பார்த்துத்தான் டாக்டரே நிறுத்தச் சொன்னார், அப்படியிருக்க இவருக்கு மட்டும் என்ன பயம் என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்டேன். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். மறுபடி மடித்தார். அதட்டினால்தான் வரும் என்று தெரிந்து அதட்டினேன்.

“நிரப்பாத கணக்கப் பாத்தேன் மச்சான்” என்றார்.

இயந்திரத்திலிருந்து வருகிற மூலக் கணக்கு அப்படியே ஒரு பக்கம் கிடக்குமாம். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நிரப்பித் துடைத்த கணக்குத்தான் டாக்டருக்குப் போகும். வழக்கமாக அவரும் அதை மட்டுமே பார்ப்பவர். மனைவியின் மஜ்ஜை வந்த அன்று மட்டும் மூலக் கணக்கைத் திறந்திருக்கிறார். அதில் ஒரு சில செல்களில் நோயின் ஜீன் ஒன்றிரண்டு நகலாகத் தெரிந்திருக்கிறது. தூசியாக இருந்தால் எல்லாச் செல்களிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி விழ வேண்டும். இவை அப்படி இல்லை. நோய்ச் செல்லுக்கே உரிய வேறு சில அடையாளங்களும் அதே செல்களில் சேர்ந்து இருந்தன. சந்தேகமே இல்லை, அசல் நோய்ச் செல்கள். சுற்றிலும் நல்ல செல்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால், பக்கத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று என்று சொல்லி அவருடைய முறை அந்த அடையாளங்களைத் துடைத்துப் பூஜ்யமாக்கிவிட்டது. ரிப்போர்ட் பளிச்சென்று வந்துவிட்டது.

தங்கைக்கு நோய் இன்னும் இருக்கிறது என்பது மட்டும்தான் முதலில் என் மண்டையில் ஏறியது. மாத்திரை போட்டால் அடங்கும், பயமில்லை என்று அவளுக்குத் தைரியம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் யோசனை எனக்கு முன்னால் போய்விட்டது.

“மத்தவங்களுக்கும் நிரப்பாததப் பாத்தீங்களா?”

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அது இயந்திரம் கோட்டைவிட்ட பூஜ்யம் இல்லை, உண்மையான பூஜ்யம் என்று புரிய எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் பிடிக்கவில்லை.

“அந்த பஸ் டிரைவருக்கு?”

“அது வழக்கமான முறைப்படிதான்…”

“எனக்கு மட்டும் வழக்கம் ஏன் மாறிச்சு?”

“நீ என் பொண்டாட்டி.”

எனக்குத் தெரிந்து அவர் இடமும் வலமும் பார்க்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. அதற்காக ஒரு கணம் என் மனம் இளகியது உண்மை. அடுத்த கணமே கொதித்தது. இந்த மனிதர் தன் முறையை ஒரு நாளும் நம்பியதில்லை. ஊராருக்கு அது போதும், தன் வீட்டுக்கு என்றதும் போதவில்லை. கேடயம் வாங்கியபோது இந்தச் சந்தேகம் எங்கே போயிருந்தது? மாத்திரை நின்றவர்கள் எல்லாம் யாருக்கோ பொண்டாட்டி, யாருக்கோ புருஷன் இல்லையா?

தங்கை மாத்திரை அட்டையை விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“அவங்க எல்லாருக்கும் திரும்பப் பாருங்க. பாக்கற வரைக்கும் நான் இதத் தொட மாட்டேன்.”

அவர் அட்டையைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார். அது எவ்வளவு ஆபத்து என்று விளக்கினார். அவளுக்கே அது தெரியும். அவள் அசையவில்லை. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? என் பக்கம் திரும்பினார்.

“நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க மச்சான்?”

பெண்டாட்டி உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், இவர் அப்போதும் பக்கத்துச் செல்லைப் பார்க்கிறார். இவ்வளவு அருவருப்பு எனக்கு என் வாழ்நாளில் எந்த மனிதர் மீதும் வந்ததில்லை. உங்கள் இடத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்க முடியும் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நேராக இயக்குநரிடம் போயிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். போகவில்லை. உலகத்தில் வேறு எந்த நிலையமாவது இப்படிப் பழைய முடிவுகளைத் திரும்பப் பார்த்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று பதில் வந்தது. அதில் அவருக்கு ஓர் ஆறுதல் வேறு. என் அறைக்கு வந்து, சாயக்கறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யாருமே செய்ததில்லையாம் மச்சான் என்று பெருமூச்சு விட்டார். டிரைவருக்கு நீங்களே போய்ச் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினார். வார இறுதிவரை பொறுப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

தங்கையிடம் நானும் கெஞ்சிப் பார்த்தேன். நீ வேற சும்மா இரு அண்ணா என்றுவிட்டாள். இதில் கொடுமை என்னவென்றால், மாத்திரையை விட்டதும் அவள் உடம்பு தேறியது. இமை வீக்கம் வடிந்தது. கால் இழுப்பு நின்றது. வகுப்பில் எழுந்து நடந்தாள், மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறினாள். முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த எனக்கு அந்தக் களையைப் பார்க்கப் பார்க்கப் பகீரென்றது.

அந்த வியாழக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அம்மாள் தங்கையை நிறுத்தி, அடேயப்பா, நன்றாகத் தேறிவிட்டாயே, பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். கடைக்காரர், காய்கறி விற்பவள், யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. மாப்பிள்ளை வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தெருவே கூடி ஒரு எண்ணைச் சொல்கிறது. அது பொய் என்று, தங்கையை விட்டால், அந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக, அக்கம்பக்கத்தில் யாரிடமும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது, அதைத் துடைக்கவும் முடியவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

மறுநாள் காலையில் இயக்குநர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேறு எங்காவது இப்படித் திரும்பப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். பாருங்கள், அதே கேள்வி. சராசரி என்ற பட்டப்பெயரை ஓர் ஆளுக்கு மட்டும் கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாப்பிள்ளை இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். யாரும் தலையாட்டவில்லை.

“இல்ல சார். நாம பாக்கணும்” என்றார்.

மனிதருக்கு இந்த ஒரு வாக்கியத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. அது அவருடையதுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகவும் கொடுக்க மாட்டேன்.

எல்லோருடைய மூலக் கணக்கையும் திறந்தார்கள். பலருக்கு ஒன்றும் இல்லை. ஓரிருவருக்கு இருந்தது, அதில் டிரைவர் ஒருவர். அவரைக் கூப்பிட்டு மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். அவருடைய கண்ணாடித் துண்டைப் பார்த்தது நான்தான். எடுத்து வைத்துப் பார்க்கிறேன், கண் கொட்டாமல் ஓரம்விட்டு ஓரம் பார்க்கிறேன். இன்னும் சுத்தம். என் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நோய் வளர்வதற்குள் பிடித்துவிட்டோம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

டிரைவருக்கு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். கால் இழுக்கும். மறுபடி வண்டியை விட்டு இறக்குவார்கள். பணிமனையில் சாவி கொடுப்பார்.

அன்று சாயங்காலம் நான் தங்கை வீட்டில் இருந்தேன். எல்லோருடைய கணக்கையும் பார்த்தாகிவிட்டது என்று கேட்ட பிறகுதான் அவள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்திருந்தாள். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தம்ளர். மாப்பிள்ளை உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்.

“இன்னிக்கு அந்த டிரைவர் வந்திருந்தாரு. நல்லவேளை திரும்பப் பாத்தீங்க சார், உங்களாலதான் பொழச்சேன்னு கையப் பிடிச்சிக்கிட்டாரு.”

தங்கை தம்ளரை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“மொதல்ல தப்பாச் சொன்னதும் நாங்கதான்னு சொன்னீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“எல்லாரும் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க” என்றார். “பரவாயில்லன்னு சொன்னேன்.”

தங்கை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, அவருக்கு முதுகு காட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள்.